தவமணியின் புள்ளிகள்

அத்தியாயம் பதினேழு

ஆகஸ்டு மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கு வாசு தன் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினார். ஆறு வருடமாகக் கடன் அட்டையில் சேர்ந்திருந்த மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் புள்ளிகள், வங்கியை விட்டு விமான நிறுவனத்துக்குக் கிளம்பிப் போயின.

அழுத்துவதற்கு முன் திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. மாற்றிய புள்ளிகளைத் திரும்பப் பெற இயலாது. வாசு அதை இரண்டு முறை படித்தார். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர் அவர். எச்சரிக்கையைப் படிக்காமல் எதையும் தொட்டதில்லை.

அவசரத்துக்குக் காரணம் வங்கியிலிருந்து வந்த கடிதம். இதுவரை இரண்டு புள்ளிக்கு விமான நிறுவனத்தின் ஒரு பயண மைல். செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து மூன்று புள்ளிக்கு ஒரு மைல். மூன்று நாள் தாமதித்தால் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும்.

இந்தப் புள்ளிகள் வாசு ஒருவரின் செலவில் சேர்ந்தவை அல்ல. ஆயர் ஈத்தாமில் அவரும் மனைவி குணவதியும் வசிக்கும் அடுக்குமாடியிலும், குணவதியின் பிறந்த வீட்டுப் பக்கத்திலும், யாருக்கு எந்தக் கட்டணம் வந்தாலும் அது முதலில் வாசுவிடம்தான் வரும். மின்சாரம், தண்ணீர், மோட்டார்க் காடி இன்சூரன்ஸ், கல்யாணச் சமையல். அவர் தன் அட்டையில் கட்டிவிடுவார். அவர்கள் பணத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கட்டணம் அவர்களுடையது, புள்ளி இவருடையது. யாருக்கும் நட்டமில்லை என்பதால் யாரும் அதைப் பற்றி நினைத்ததில்லை.

வாசு மட்டும் நினைத்துக்கொண்டே இருந்தார். பேரங்காடி வவுச்சராக வாங்கினால் அத்தனை புள்ளிக்கும் அறுநூற்றுச் சொச்சம் மலேசிய வெள்ளிதான் பெறும். அதையே மைலாக மாற்றி, படுத்துத் தூங்கிக்கொண்டு போகும் பிசினஸ் வகுப்பு இருக்கையாக எடுத்தால் இருபத்துநாலாயிரம் வெள்ளி. பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டு மனைவிக்குக் காட்டியிருந்தார். இதைவிட நல்ல மதிப்பு இனி கிடைக்காது.

சென்ற வாரம் அந்த இருக்கைகள் கிடைத்தன. பினாங்கிலிருந்து தோக்கியோவுக்கு, இரண்டு. அக்டோபர் இருபத்தாறு புறப்பட்டு நவம்பர் ஆறு திரும்பி வர. முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த குணவதியை மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்பத் தேர்ந்தெடுத்தார்கள். அக்காவுக்குப் பிரசவம். அவள் போகவில்லை. அதைப் பற்றி ஒரு தடவைகூடக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. வாசுவுக்கு உறுத்தியதே அதுதான்.

ஜப்பான் என்றதும் குணவதி அந்தக் கணக்குத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அக்காவோட மொத வருஷத் திதிக்கு நான் இங்க இருக்கணும். அத விட்டுட்டு எப்ப வேணாலும் போடுங்க."

அக்கா தவமணி போன வருடம் நவம்பர் பத்தாம் தேதி இறந்தாள். ஆறாம் தேதி திரும்பிவிட்டால் நடுவில் நான்கு நாள் இருக்கிறது. வாசு சுவரில் தொங்கிய நாள்காட்டியில் பத்தாம் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார்.

மைல்கள் விமான நிறுவனக் கணக்கில் வந்து விழ ஆறேழு மணி நேரம் ஆகும். விழுந்தவுடன் இருக்கைகளை எடுத்துவிட வேண்டும். அதுவரை வீட்டில் உட்கார்ந்தால் திரையையே பார்த்துக்கொண்டிருப்போம் என்று அவர் பசாருக்குக் கிளம்பினார்.

ஜாஹிரின் தேநீர்க் கடையில் கூட்டம் இல்லை. வாசு உட்காருவதற்குள் ஜாஹிர் ஒரு கட்டணச் சீட்டை மேசையில் வைத்தார்.

"கரண்டு பில்லுண்ணே. நூத்தி எம்பத்தாறு வெள்ளி. தட்டிடுங்க."

"இன்னைக்கு வேணாம் ஜாஹிர். ஒன்னாந்தேதிக்கு மேல தட்டறேன்."

"ஏண்ணே, ஒங்க கார்டுக்கு சொகமில்லையா?"

"எல்லாத்தயும் காலையில மாத்திட்டேன்."

ஜாஹிர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மாத்திட்டீங்களா. ஆறு வருஷமா இன்னும் நல்ல ரேட்டு வரும், இன்னும் நல்ல ரேட்டு வரும்னு சொன்ன மனுஷன். நான் மூச்சு விடறதுக்கு பில்லு வந்தாக்கூட அதயும் வாங்கித் தட்டியிருப்பீங்க. எங்கண்ணே போறீங்க?"

"ஜப்பான்."

"வீட்ல அக்காவுமா?"

"அவளுக்காகத்தான்."

ஜாஹிர் சிரித்தார். "அப்ப என் கடையில ஓடுன கரண்டுல அக்கா பறக்கறாங்க. வந்து ஒரு வார்த்த தேங்க்யூ சொல்லச் சொல்லுங்க லா."

வாசுவும் சிரித்தார். ஆனால் தே தாரிக்கைக் குடித்து முடிக்கும்வரை அந்த வார்த்தை உள்ளே எங்கோ கிடந்தது. யார் யாருடைய வீட்டு விளக்கோ எரிந்து, யார் யாருடைய காடியோ ஓடி, அத்தனையும் தன் பெயரில் வந்து நிற்கிறது. அது தப்பில்லை. தப்பில்லை என்று இத்தனை தடவை தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பது ஏன் என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. வெள்ளிக்கிழமை ஆகையால் சைவம். குணவதி காங்கோங் கீரையை மிளகாய் போட்டுப் பிரட்டிக்கொண்டிருந்தாள். பதினோராவது மாடிச் சன்னலுக்கு வெளியே, பினாங்கு மலையின் பாதியை மேகம் மூடியிருந்தது.

"சுபா வர்றாளாம்," என்றாள் குணவதி. "போன் பண்ணுனா."

தவமணியின் மகள் சுபாஷினி. முப்பத்தொரு வயது. தீவுக்கு எதிர்க்கரையில், கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்காக விடும் நீண்ட இடைவேளையில், மாதம் ஒரு தடவையாவது பாலத்தைக் கடந்து சித்தி வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே ஒரு தனி இடம் இருந்தது.

ஒரு மணிக்கு வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு நேராகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"சித்தி, சீக்கிரம் போடுங்க. பிரிட்ஜ்ல ஜேம், வண்டியே நகரல. ரெண்டே முக்காலுக்கு ஆபீஸ்ல இருக்கணும்."

"காலையில சாப்ட்டியா இல்லையா?"

"மைலோ குடிச்சேன்."

"மைலோ ஒரு சாப்பாடா."

சுபாஷினி இரண்டு கவளம் சாப்பிட்ட பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தாள். "நேத்து கோயில்ல குருக்களப் பாத்தேன். அம்மா திதிக்கு தேதி கேட்டுட்டு வந்துட்டேன்."

"அதுல கேக்கறதுக்கு என்னம்மா இருக்கு?" என்றார் வாசு. "நவம்பர் பத்து."

"அது இங்கிலீஷ் தேதி சித்தப்பா. திதிய அப்படிப் பாக்க மாட்டாங்களாம். அம்மா போனது ஐப்பசி வளர்பிறை நவமி. அந்த நவமி இந்த வருஷம் பத்து நாள் முன்னாடியே வருதாம். அக்டோபர் முப்பத்தொன்னு. அதுவும் வெள்ளிக்கெழமதான். நான் லீவு எழுதிக் குடுத்துட்டேன்."

குணவதியின் கையில் சாம்பார்க் கரண்டி இருந்தது. அதைக் கிண்ணத்தின் விளிம்பில் மெதுவாகச் சாய்த்து வைத்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

வாசு சுவரைப் பார்த்தார். சிவப்பு வட்டம் அவர் போட்ட இடத்திலேயே இருந்தது. தொழிற்சாலையில் வாழ்நாள் முழுவதும் மூன்று ஷிப்டுகளையும் அந்த நாள்காட்டியை வைத்துத்தான் எண்ணினார். தன் அப்பாவின் நினைவு நாளைக்கூட ஆங்கிலத் தேதியில்தான் கோயிலில் செய்துவருகிறார். நிலவை வைத்து நாள் நகரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் தோன்றவில்லை. இருக்கை கிடைக்கும் தேதிகளையே பார்த்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"என்னா ரெண்டு பேரும் இப்படிப் பாத்துக்கறீங்க?" என்றாள் சுபாஷினி.

"ஒன்னும் இல்ல. சாப்புடு," என்றாள் குணவதி.

"அண்ணன்கிட்டயும் சொன்னேன். வர முடியாதாம்." சுபாஷினி குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் தனேஷ் மெல்பர்னில் இருக்கிறான். அம்மாவின் கடைசிக் காரியத்துக்கும் அவன் வரவில்லை, கைப்பேசித் திரையில்தான் பார்த்தான். "தீபாவளி முடிஞ்ச நேரம், டிக்கெட்டு ரொம்ப மஹால், அவ்ளோ வெல குடுக்க முடியாதுன்னு சொல்றான். இருக்கட்டும். அய்யாக்கண்ணு மாமா செய்யறேன்னு சொல்லிட்டாரு."

"பிள்ள இருக்கறப்ப மாமன் செய்யறதா," என்றாள் குணவதி. யாரிடமும் கேட்பதுபோல் இல்லை.

"என்னா பண்றது சித்தி. சூசா லா அவனோட, ரொம்ப கஷ்டம்." சுபாஷினி தண்ணீர் குடித்துவிட்டு, பேச்சை மாற்ற நினைத்தவள்போலச் சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "சித்தப்பா, திதிக்குச் சாமான், சாப்பாட்டு ஆர்டர் எல்லாம் ஒங்க கார்டுலயே போட்டுக்குவோம். ஒங்களுக்கும் பாயிண்ட் வரும்லா. அம்மா ஆஸ்பத்திரி பில்லு மாதிரி."

அவள் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. சித்தப்பாவின் புள்ளிகளைப் பற்றி அந்தக் குடும்பத்தில் எல்லாரும் பேசுவதுபோலத்தான் பேசினாள். இரண்டு மணிக்குச் சித்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள்.

கதவு சாத்தியதும் வீடு அடங்கியது. மின்தூக்கி கீழே இறங்கும் ஓசை தேய்ந்து நிற்கும்வரை இருவரும் அசையவில்லை.

"மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள் குணவதி.

"காலையிலேயே."

"திருப்ப முடியாதா?"

முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வங்கிக்குத் தொலைபேசினார். பதினேழு நிமிடம் இசையைக் கேட்டார். கடைசியில் பேசிய பெண் மிகவும் மரியாதையாக, மாற்றிய புள்ளிகளைத் திரும்பப் பெற இயலாது என்று திரையில் இருந்த அதே வாக்கியத்தைச் சொன்னாள். வேறு ஏதாவது உதவி தேவையா என்று கேட்டாள். இல்லை என்றார்.

குணவதி தட்டுகளைக் கழுவினாள். வழக்கமாகத் தட்டோடு தட்டு இடித்துக்கொள்ளும். இன்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழுவி, தனித்தனியாகத் துடைத்து வைத்தாள். மலையிலிருந்து மழை இறங்கி வந்து சன்னலை நனைத்தது. அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா பில்லுல எத்தன பாயிண்ட் வந்துச்சு?"

"எழுபத்தாறாயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு சீக்கிரமாக வாயில் வந்தது என்று அவருக்குத் தெரிந்தது.

குணவதி துணியைக் காயப்போட்டாள். "மனப்பாடமா வச்சிருக்கீங்க."

மேசையின் எதிர்ப்பக்கம் அவள் வந்து உட்காரும்வரை அந்த மருத்துவமனைக் கவுண்டர் அவருக்கு முன்னால் நின்றது. முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று ஆறு வெள்ளி. கட்டினால்தான் உடலைக் கொடுப்பார்கள். சுபாஷினி தன் சேமிப்பிலிருந்து கட்டத் தயாராகப் பக்கத்திலேயே நின்றாள். வாசுதான் அவள் கையைத் தள்ளிவிட்டு, "இரும்மா, கார்டுல தட்டிடலாம், நீ அப்புறம் குடு" என்றார். எல்லாரும் அவரை நன்றியோடு பார்த்தார்கள். குணவதி பின்னால் நாற்காலியில் அழுதுகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் இந்தப் பத்து மாதமாகப் பத்திரமாக வைத்திருந்தார்.

"அன்னைக்கு நீங்க கார்ட நீட்டுனது எதுக்கு?" என்றாள் குணவதி. "எனக்குத் தெரிஞ்சாகணும். சுபாவுக்காகவா, இதுக்காகவா?"

மேசையில் கைப்பேசி ஒளிர்ந்தது. விமான நிறுவனத்தின் செய்தி. ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரம் மைல்கள் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டன. இருவரும் அதைப் பார்த்தார்கள். ஒளி தானாக அணைந்தது.

"தெரியல குணா," என்றார் வாசு. "சத்தியமா தெரியல. அந்தப் பொண்ணு தனியா நிக்கறாளேன்னு இருந்துச்சு. அது நெசம். மெஷின்ல அப்ரூவ்டுன்னு வந்தப்ப, ரெண்டால பெருக்கிப் பாத்தேன். அதுவும் நெசம். அக்கா உள்ள கெடக்கறாங்க, எனக்குக் கணக்கு ஓடுது. நிறுத்த முடியல."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். எழுந்து அறைக்குள் போய்விடுவாள் என்றும் எதிர்பார்த்தார். அவள் இரண்டையும் செய்யவில்லை. மேசைமீது கிடந்த ஒற்றைச் சோற்றுப் பருக்கையை விரலால் தொட்டு எடுத்தாள்.

"ஜப்பானு சீட்டு இன்னும் இருக்கா?"

அவர் திறந்து பார்த்தார். இருந்தன. இரண்டும்.

"நான் சரின்னு சொன்னா இப்பவே போட்டுடுவீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். சொல்லக் கூடாததைச் சொன்னார். "அய்யாக்கண்ணும் சுபாவும் பாத்துக்கறேன்னுதான சொல்றாங்க. இந்த சீட்டு போச்சுன்னா மறுபடி கெடைக்காது. தேதிய மாத்தித் தேடிப் பாத்துட்டேன், அடுத்த வருஷம் முழுக்க ஒன்னும் இல்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வருடக் காத்திருப்பு அவருக்குள்ளிருந்து பேசியது. அதை அவரால் அடக்க முடியவில்லை.

குணவதி கோபப்படவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. கீழே பேருந்து நிறுத்தத்தில் ஒரு பேருந்து வந்து, நின்று, போயிற்று.

"எனக்கும் ஒன்னு இருக்கு," என்றாள் கடைசியில். "நானும் சொல்லிடறேன். அன்னைக்கு ஒங்க பின்னாடி ஒக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன்ல. அழுதுக்கிட்டே, அக்கா கையில கெடந்த ரெட்ட வளையல யாரு எடுத்துக்குவாங்கன்னு நெனச்சேன். ஒரு நிமிஷம்தான். நெனச்சேன்."

வாசு நிமிர்ந்து பார்த்தார்.

"சுபாதான் எடுத்துக்கிட்டா. அவளுக்குத்தான் சேரணும். எனக்கு வேணாம்." அவள் சோற்றுப் பருக்கையைத் தட்டில் உதறினாள். "அதனால ஒங்கள என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல. பேசாம இருங்க கொஞ்ச நேரம்."

அவர் பேசாமல் இருந்தார். அது அவருக்குத் தெரிந்த வேலை. முப்பது வருடக் குடித்தனத்தில் பாதியை அவர்கள் பேசாமல்தான் நடத்தியிருந்தார்கள். ஆனால் இன்றைய மௌனம் வேறாக இருந்தது. இருவரும் ஒரே இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டு, யார் முதலில் எழுவது என்று காத்திருப்பதுபோல இருந்தது.

நான்கரை மணிக்குக் குணவதி காப்பி கலந்து இரண்டு கோப்பைகளில் கொண்டுவந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், எதிரில் அல்ல.

"மெல்பர்ன்லருந்து இங்க வந்து போக எத்தன மைல்?"

வாசுவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் தேடிப் பார்த்தார். "சாதா சீட்டு. போக வர அம்பத்திரெண்டாயிரம்."

"தனேஷுக்கு ஒரு சீட்டு போடுங்க. பிள்ள வந்து செய்யட்டும்."

"குணா, அதுல புள்ளிக்கு மூணு காசுகூடத் தேறாது. ஜப்பானுக்கு ஏழரக் காசு வந்துச்சு."

"சரி."

"சொல்லணும்ல. அதுக்காகச் சொன்னேன்."

"சொல்லிட்டீங்க." அவள் காப்பியை ஊதினாள். "மிச்சத்துல நாம ஜப்பானு போலாமா?"

அவர் மனசுக்குள் கழித்துப் பார்த்தார். ஒரு லட்சத்து ஏழாயிரம் மிஞ்சும். "சாதா சீட்டுன்னா ஆளுக்கு அம்பதாயிரம். திதி முடிஞ்சு ரெண்டு பேரும் போலாம். படுத்துக்கிட்டுப் போற சீட்டு கெடைக்காது."

"நான் எப்ப படுத்துக்கிட்டுப் போகணும்னு கேட்டேன்? இருவத்திரெண்டு வருஷம் லைன்ல நின்னுக்கிட்டே வேல செஞ்சவ. ஏழு மணி நேரம் ஒக்காந்து வர மாட்டனா?"

சுபாஷினி வந்து போனதிலிருந்து வாசு முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை. ஆறு வருடம் தேடித் தேடி அவர் கண்டுபிடித்ததை அவள் கேட்டதே இல்லை. கேட்டாளா என்று அவரும் பார்த்ததில்லை.

ஐந்தரை மணிக்குத் தனேஷை அழைத்தார்கள். மெல்பர்னில் அப்போது மணி ஏழரை. ஒலிபெருக்கியில் அவன் குரல் களைத்துப்போய் வந்தது.

"சொல்லுங்க சித்தி."

"அம்மா திதிக்கு நீ வரணும். டிக்கெட்டு சித்தப்பா போடறாரு. கார்டு பாயிண்ட்ல. நீ ஒரு வெள்ளி போட வேணாம்."

வாசு கைப்பேசியை மேசையின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார்.

"சித்தப்பா, அது நீங்க ஜப்பானுக்குச் சேத்து வச்சதுல்ல?" என்றான் தனேஷ்.

"ஒங்கம்மா பில்லுல வந்தது அதுல நெறைய இருக்குடா," என்றார் வாசு. அதை வெளியே சொன்னபோது அவருக்கு மூச்சு கொஞ்சம் இலகுவானது. "நீ பாஸ்போர்ட் நம்பர் மட்டும் அனுப்பு."

யாரோ ஒருவர் அந்தப் பக்கம் தணிந்த குரலில் என்னவோ கேட்பதும், தனேஷ் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்வதும் கேட்டது.

"சித்தி, கோவப்படாதீங்க. டிக்கெட்டு வெல மட்டும் இல்ல நான் வராததுக்கு." அவன் நிறுத்தி நிறுத்திப் பேசினான். "தனியா வந்து நிக்க எனக்கு இஷ்டம் இல்ல. வந்தா ரெண்டு பேராத்தான் வருவேன். ரெண்டாவது டிக்கெட்டுக்கு என்கிட்ட இப்ப காசு இல்ல. அதான் பேசாம இருந்துட்டேன்."

"யாருடா கூட?" என்றாள் குணவதி.

"வந்து சொல்றேனே சித்தி."

"சுபாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். கடைசி வாரத்துல."

குணவதியின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. அக்கா அந்தக் கடைசி வாரத்தில் தன்னிடம் என்னென்னவோ பேசினாள். இதைச் சொல்லவில்லை.

"அம்மா என்ன சொன்னா?"

"கூட்டிட்டு வான்னு சொன்னாங்க."

வாசு பென்சிலை எடுக்கவில்லை. இந்தக் கணக்குக்குப் பென்சில் தேவைப்படவில்லை. ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு சீட்டுன்னா ஒரு லட்சத்து நாலாயிரம் போயிரும். மிச்சம் அம்பத்தஞ்சாயிரம். ஜப்பானுக்கு ஒரு ஆளுக்குத்தான் வரும்."

குணவதி அவர் கையை விலக்கினாள்.

"தனேஷு, ரெண்டு பேரோட பாஸ்போர்ட்டயும் படம் எடுத்து அனுப்பு. சித்தப்பா இப்பவே போடறாரு. வர்ற ஆளு அன்னைக்கு ஒரு நாள் சைவம் சாப்புடுவாங்களான்னு கேட்டு வையி."

அந்தப் பக்கம் அவன் சிரித்தானா, மூக்கை உறிஞ்சினானா என்று தெரியவில்லை. "சரி சித்தி," என்று மட்டும் கேட்டது.

படங்கள் வந்தன. ஒன்று தனேஷ். மற்றொன்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும், புகைப்படத்துக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம். பிறந்த ஊர் வியட்னாமில் எங்கோ. வாசு அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகத் திரையில் தட்டினார். குணவதி பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்தாள். அக்டோபர் இருபத்தொன்பது வர, நவம்பர் நான்கு திரும்ப. முடிந்தது என்று திரை சொன்னது. இரண்டு பயணச்சீட்டு எண்கள் வந்தன.

வாசு நாற்காலியில் சாய்ந்தார். தோக்கியோ இருக்கைகள் இந்நேரம் வேறு யாருக்காவது போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். அவர் பார்க்கவில்லை. மிச்சம் இருந்த ஐம்பத்தைந்தாயிரத்தை என்ன செய்வது என்று கேட்க நினைத்தார். மூன்று வருடம் காலாவதி ஆகாது, அதற்குள் இன்னொரு ஐம்பதாயிரம் சேர்த்துவிடலாம், புதிய விகிதத்தில் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காத்திருப்பது தனக்கு வரும்.

"அந்த போன இப்படிக் குடுங்க," என்றாள் குணவதி.

கொடுத்தார்.

"தேடறதுக்கு எங்க அமுக்கணும்?"

அவர் காட்டினார். இந்த ஆறு வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. அவரும் காட்டியதில்லை. அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்கிருந்து என்ற இடத்தில் பினாங்கு என்றும், எங்கே என்ற இடத்தில் தோக்கியோ என்றும் தானே தட்டினாள். ஒரு விரலால், நிதானமாக. நவம்பர் மாதத்து நாள்கள் விரிந்தன. திதி முடிந்து, பிள்ளைகள் திரும்பிப் போன பிறகு வரும் வாரத்தில் அவள் விரல் போய் நின்றது.

பயணிகள் என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது. வாசு அதைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் அதை மாற்றவில்லை.